அப்டேட்டுக்குப் பின் லேப்டாப் ஊமையானால்

டிரைவர் அப்டேட் ஆன மறுநாள் லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்றால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நேற்று மாலை வரை நன்றாகப் பாடிய ஸ்பீக்கர், இரவு அப்டேட் ஓடிய அதே வேளையில் தற்செயலாகப் பழுதாவது அபூர்வம். மாறியது மென்பொருள். ஆகவே திருத்த வேண்டியதும் பெரும்பாலும் மென்பொருள்தான். இந்த ஒரு நினைப்பு இருந்தாலே, ‘மதர்போர்டு மாத்தணும்’ என்கிற பேச்சுக்கு அவசரமாகத் தலையாட்டாமல் தப்பிக்கலாம்.

ஒலி போகிற நேரம்தான் கொடுமை. பத்து மணிக்கு நேர்காணல் இருக்கும். ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தால் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புக் குறி நிற்கும். அப்போது உங்கள் முன் இருப்பவை இரண்டு தனித்தனி வேலைகள். அன்றைய அழைப்பைக் காப்பாற்றுவது முதல் வேலை. லேப்டாப்பைச் சரிசெய்வது இரண்டாவது. இரண்டையும் ஒரே பதினைந்து நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான், கூகுளில் கண்ணில் பட்ட டிரைவரையெல்லாம் இறக்கி நிறுவி, சின்னக் கோளாறைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே சொல்லப்போவது விண்டோஸ் 10, 11 லேப்டாப்களுக்கு. மேக்புக்கில் ஒலி டிரைவர் தனியாக வருவதில்லை. மேக்ஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்தே வரும். அந்தக் கதை வேறு.

முதலில் மீட்டிங்கைக் காப்பாற்றுங்கள்

கையிலிருக்கும் செல்போன்தான் முதல் துணை. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எதுவானாலும், அதே மீட்டிங்கில் போனிலிருந்தும் சேரலாம். லேப்டாப்பில் வீடியோவும் ஸ்க்ரீன் ஷேரும் ஓடட்டும். பேசுவதும் கேட்பதும் போனில் நடக்கட்டும். லேப்டாப்பில் சேரும்போது ஆடியோவை இணைக்காமல் சேருங்கள். இணைத்துவிட்டால், லேப்டாப்பின் மைக் வேலை செய்கிற பட்சத்தில் போனிலிருந்து வரும் குரலை அது பிடித்துத் திருப்பி அனுப்பும். எதிர்முனையில் எதிரொலி கேட்கும். கூகுள் மீட்டில் இதற்காகவே ‘கம்பானியன் மோட்’ இருக்கிறது. அதில் சேர்ந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் அணைந்தே இருக்கும்.

நேர்காணல் என்றால், அழைப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். “வணக்கம் சார், லேப்டாப்பில் ஒலிக் கோளாறு இருப்பதால் ஆடியோவுக்கு மட்டும் செல்போனில் இணைகிறேன். வீடியோ லேப்டாப்பிலேயே இருக்கும். என் பெயரில் இரண்டு இணைப்புகள் தெரியும்.” இவ்வளவு போதும். மன்னிப்புப் பட்டியல் வேண்டாம். அப்டேட்டின் கதையையும் சொல்ல வேண்டாம். நேர்காணல் எடுப்பவர்கள் இப்படிப்பட்ட கோளாறுகளை அடிக்கடி பார்ப்பவர்கள். முன்கூட்டியே சொல்லி மாற்று ஏற்பாட்டோடு வருகிறவரைப் பற்றி நல்லபடியாகவே நினைப்பார்கள். அழைப்பு தொடங்கியபின் “ஹலோ, கேக்குதா, கேக்குதா” என்று ஐந்து நிமிடம் போராடுவதுதான் கெடுதல்.

இரண்டாவது துணை யூஎஸ்பி ஹெட்செட். ஜாக்கில் செருகும் சாதாரண ஹெட்போன் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் அதே ஒலிச் சிப்பைத்தான் நம்பியிருக்கிறது. அது முடங்கினால் இதுவும் முடங்கும். யூஎஸ்பி ஹெட்செட்டுக்கோ உள்ளேயே சொந்தச் சிப் உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் பொதுவான யூஎஸ்பி ஆடியோ டிரைவர் அதை இயக்கிவிடும். அதனால் உள் ஒலிச் சிப்புக்கான ரியல்டெக் டிரைவர் செத்துக் கிடந்தாலும் இது பெரும்பாலும் பேசும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் எவருக்கும் ஒரு யூஎஸ்பி ஹெட்செட் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைக்கச் சொல்வேன். ப்ளூடூத் இயர்போனை இந்த இடத்தில் நான் அவ்வளவு நம்புவதில்லை. அதற்கும் தனி டிரைவர், தனிச் சிக்கல்கள் உண்டு.

எந்த வகை மௌனம்?

அழைப்பு முடிந்தது. இனி நிதானமாக உட்காரலாம். டிவைஸ் மேனேஜரைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். ஒலி எங்கே நின்றுபோகிறது?

ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘சேஞ்ச் சிஸ்டம் சவுண்ட்ஸ்’ என்று தேடினால் பழைய சவுண்ட் பெட்டி திறக்கும். அதில் ‘பிளேபேக்’ பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு ஒலிக் கருவியின் பக்கத்திலும் ஒரு சின்ன அளவுக்கோடு இருக்கும். பாட்டு ஓடும்போது அது பச்சையாக ஏறி இறங்க வேண்டும்.

பச்சைக் கோடு ஆடுகிறது, ஆனால் காதில் ஒன்றும் விழவில்லை என்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஏரி நிறைய நீர் இருந்தும் மதகு அடைத்திருந்தால் வயலுக்கு வராது அல்லவா, அந்த நிலை. ஒலி வேறு பக்கம் போகிறது, அல்லது கடைசி இடத்தில் தடைபடுகிறது.

பட்டியலே காலியாக இருக்கிறது, அல்லது ‘நோ ஆடியோ அவுட்புட் டிவைஸ் இஸ் இன்ஸ்டால்டு’ என்று வருகிறது என்றால் டிரைவர் ஏறவில்லை.

யூடியூபில் கேட்கிறது, டீம்ஸில் மட்டும் கேட்கவில்லை என்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம். அது அந்தச் செயலியின் அமைப்பு. ஜூமில் ‘செட்டிங்ஸ்’, ‘ஆடியோ’ வழியே ‘டெஸ்ட் ஸ்பீக்கர்’ உண்டு. டீம்ஸில் ‘டிவைசஸ்’ பகுதியில் சோதனை அழைப்பு உண்டு. அப்டேட்டுக்குப் பின் ஒலிக் கருவிகளின் பெயர் மாறியிருக்கலாம். செயலி இன்னும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

ஒலி வேறு பக்கம் போனால்

அப்டேட் ஆனது ஒலி டிரைவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல நேரம் அப்டேட் ஆனது கிராபிக்ஸ் டிரைவர். இன்டெல், என்விடியா, ஏஎம்டி மூன்றுமே தங்கள் கிராபிக்ஸ் தொகுப்பில் எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்பும் டிரைவரையும் சேர்த்தே தருகின்றன. அது நிறுவப்பட்டதும் வெளியே இணைத்திருக்கும் மானிட்டரை விண்டோஸ் ஒலிக் கருவியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. ஒலி அங்கே போய்ச் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

விண்டோஸ் 11-இல் விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், வி மூன்றையும் ஒருசேர அழுத்தினால் ஒலி எங்கே போகிறது என்ற பட்டியல் வரும். ‘ஸ்பீக்கர்ஸ்’ அல்லது ‘ரியல்டெக்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அது இல்லை என்றால், பழைய சவுண்ட் பெட்டியில் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ‘ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். அணைத்து வைக்கப்பட்ட ஸ்பீக்கர் மங்கலாகத் தெரியும். அதை ‘எனேபிள்’ செய்யுங்கள்.

சரியான கருவியைத் தேர்ந்தெடுத்தும், பச்சைக் கோடு ஆடியும் சத்தமில்லை என்றால் இன்னும் சில இடங்களைப் பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும் மியூட் பொத்தான் அழுந்தியிருக்கலாம். பல லேப்டாப்களில் அதில் சின்ன விளக்கு எரியும். ஹெட்போன் ஜாக்கில் தூசி அடைந்து, ஹெட்போன் செருகியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கரின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை ‘ஆஃப்’ செய்து பாருங்கள். ஒலிக்கு மெருகேற்றும் இந்தத் துணை மென்பொருள்கள் புதிய விண்டோஸோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிப்பது உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது டிராக் நிறுவனத்தின் ஒலி மேம்பாட்டு மென்பொருள் இருந்த சில கணினிகளில் உள் ஸ்பீக்கர், ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹெட்செட் எல்லாமே நின்றுபோயின. 2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கணினிகளுக்கு அந்தப் பதிப்பு போகாமல் தடுத்து வைத்தது. தவறு பயனாளியுடையது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்று. ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி இயக்கிப் பார்த்தேன், சரியாகவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, ‘ரீஸ்டார்ட்’ செய்தீர்களா என்பதுதான். விண்டோஸ் 8-இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்றொரு வசதி இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அப்படியே எடுத்து வைத்துவிடும். கெட்டுப்போன நிலையும் சேர்ந்தே திரும்பும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் டிரைவர்கள் புதிதாக ஏறும். ரொம்பச் சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் அப்டேட்டுக்குப் பிந்தைய மௌனத்தில் ஒரு பங்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

டிரைவர் ஏறவில்லை என்றால்

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி ‘டிவைஸ் மேனேஜர்’ போங்கள். ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்ற பகுதியை விரியுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்தக் கருவியின் மேல் இருமுறை சொடுக்கினால் ஒரு கோட் எண் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 என்றால் கருவியால் தொடங்க முடியவில்லை. 22 என்றால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. வழக்கமான வழியில் வராத டிரைவர் என்று சந்தேகப்பட இது நல்ல காரணம்.

இப்போது என் உறுதியான கருத்து. ஒலி போனதும் ‘இன்னும் புதிய டிரைவர் இருக்கிறதா’ என்று தேடுவது தவறான திசை. நேற்று வேலை செய்த டிரைவர் எது என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் விண்டோஸுக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கேளுங்கள். கருவியின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டிரைவர்’ பக்கம், அதில் ‘ரோல் பேக் டிரைவர்’. விண்டோஸ் ஏன் என்று ஒரு காரணம் கேட்கும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘எஸ்’ கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய டிரைவர் வட்டில் இருக்கும் வரை இதுவே நேர்வழி.

‘ரோல் பேக்’ பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. அப்போது அடுத்த வழி. முதலில் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய ஒலி டிரைவரை இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லில் சர்வீஸ் டேக், எச்பியிலும் லெனோவாவிலும் சீரியல் எண் கொடுத்தால் உங்கள் மெஷினுக்கு உரியது மட்டும் வரும். கையில் டிரைவர் வந்தபிறகுதான் டிவைஸ் மேனேஜரில் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுக்க வேண்டும். அப்போது டிரைவரையும் சேர்த்து அகற்றவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதை டிக் செய்யுங்கள். டிக் செய்யாவிட்டால் அதே கெட்ட டிரைவரை விண்டோஸ் உள்ளிருந்து எடுத்து மறுபடி போட்டுவிடும். பிறகு ரீஸ்டார்ட் செய்து, இறக்கி வைத்ததை நிறுவுங்கள்.

இதற்கும் வழியில்லை, அவசரம் என்றால் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் இருக்கிறது. ‘அப்டேட் டிரைவர்’, ‘ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர்’, ‘லெட் மீ பிக்’ என்று போனால் வரும் பட்டியலில் ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒலி கொஞ்சம் மெலிந்து கேட்கலாம். அன்றைய பாட்டைக் கழிக்க அது போதும்.

மஞ்சள் முக்கோணம் சவுண்ட் பகுதியில் இல்லாமல் வேறெங்காவது ஒளிந்திருப்பதும் உண்டு. ‘சிஸ்டம் டிவைசஸ்’ பகுதியைக் கீழே வரை பாருங்கள். ‘இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி’ என்று தொடங்கும் பெயர்கள் அங்கேதான் இருக்கும். இவை ஒலிச் சிப்புக்கும் விண்டோஸுக்கும் நடுவே நிற்பவை. இவற்றில் ஒன்று கவிழ்ந்தால், ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் சத்தம் வராது.

2018 அக்டோபரில் நடந்தது இதுதான். இன்டெல் ஆடியோ கன்ட்ரோலருக்கான 9.21.00.3755 பதிப்பு டிரைவர் போகக் கூடாத கணினிகளுக்கெல்லாம் விண்டோஸ் அப்டேட் வழியே போய்விட்டது. விண்டோஸ் 10-இன் 1803, 1809 பதிப்புகள் இருந்த கணினிகளில் ஒலி நின்றது. தவறாக அனுப்பப்பட்டதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, அந்த டிரைவரை அகற்றவே கேபி4468550 என்ற தனி அப்டேட்டை வெளியிட்டது. கவனியுங்கள், தீர்வு புதிய டிரைவரில் இல்லை. கெட்டதை எடுத்ததில்தான் இருந்தது.

அதே இன்டெல் அடுக்கு பின்னாலும் தொல்லை கொடுத்தது. 11-ஆம் தலைமுறை இன்டெல் கோர் கணினிகளில் அதன் 10.29.0.5152, 10.30.0.5152 பதிப்புகள் விண்டோஸ் 11-ஓடு மோதி நீலத்திரை காட்டின. 5714 என்று முடியும் பதிப்பு வந்தபிறகே தீர்ந்தது. அங்கே மேலே போவதுதான் சரியான வழியாக இருந்தது. விதிவிலக்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் எந்தப் பதிப்பு, எந்தத் தலைமுறை என்று எழுத்தில் அறிவித்த பிறகு மேலே போவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு போவது வேறு.

எந்தக் கருவி யாருடையது என்றே தெரியாமல் ‘அன்நோன் டிவைஸ்’ என்று நின்றால், அதன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’, ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்று பாருங்கள். நீண்ட எழுத்துக் கோவையில் 8086 என்று வந்தால் அது இன்டெல். 1978-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 10இசி என்றால் ரியல்டெக்.

ஏன் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் பாதித் தொல்லையிலிருந்து தப்புகிறார்கள். லேப்டாப்பின் உள்ளே ஒலி பல கை மாறி வருகிறது. பிராசசர் பக்கத்திலுள்ள கன்ட்ரோலர், எண்களை ஒலியாக மாற்றும் ரியல்டெக் போன்ற சிப், அதன்பின் ஸ்பீக்கருக்கு விசை கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர். இன்றைய மெல்லிய லேப்டாப்களில் இந்த ஆம்ப்ளிஃபயர் தானாகவே இயங்குவதில்லை. ஸ்பீக்கர் கருகாமல் எவ்வளவு விசை கொடுக்கலாம் என்ற அமைப்பை மென்பொருள் அதற்குச் சொல்ல வேண்டும். அந்த அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். லேப்டாப் நிறுவனம் தன் டிரைவரோடு அதை ஒரு துணைக்கோப்பாகச் சேர்த்துத் தருகிறது.

வேறெங்கோ இருந்து ரியல்டெக் டிரைவரை மட்டும் எடுத்துப் போட்டால் சிப் விழித்துக்கொள்ளும், ஆம்ப்ளிஃபயர் தூங்கும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருக்காது. பச்சைக் கோடு ஆடும். ஹெட்போனில் பாட்டு கேட்கும். ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் இருக்காது. இந்த நிலையைப் பார்த்துத்தான் ‘ஸ்பீக்கர் போச்சு’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். ரியல்டெக் நிறுவனமே தன் தளத்தில், எங்களிடம் உள்ளவை பொது டிரைவர்கள், கணினி நிறுவனம் செய்த மாற்றங்கள் இதில் இல்லாமல் போகலாம், அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறது. சிப் செய்தவரே சொல்கிறபோது நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கும்’ இலவச மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்குச் சிப்பின் பெயர் தெரியும், உங்கள் மாடல் தெரியாது.

டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும் சிவப்புக் குறி போகவில்லை என்றால், ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ திறந்து ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்’ இரண்டும் ஓடுகின்றனவா, ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கின்றனவா என்று பாருங்கள். நின்றிருந்தால் ‘ஸ்டார்ட்’ கொடுங்கள்.

அலுவலக லேப்டாப் என்றால்

மேலே சொன்னவற்றில் ஒலிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது, மியூட் பொத்தான், ரீஸ்டார்ட், செயலி அமைப்பு இவை வரைதான் உங்கள் எல்லை. டிரைவரைத் தொட அட்மின் உரிமை வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதை ஊழியருக்குத் தருவதில்லை, தராமல் இருப்பதிலும் நியாயம் இருக்கிறது. நண்பரிடம் அட்மின் பாஸ்வேர்டு வாங்கி நீங்களே டிரைவர் போடாதீர்கள். பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அலுவலக மெஷினை பூட் செய்யாதீர்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டு லேப்டாப் பூட்டிக்கொள்ளலாம், பாதுகாப்பு விதிமீறல் என்று விசாரணையும் வரலாம். ஒலி போனது உங்கள் குற்றமல்ல. அதற்குப் பிறகு நடப்பது உங்கள் கணக்கில் ஏறும்.

ஆகவே டிக்கெட் போடுங்கள். எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். ‘சவுண்ட் வரல, அர்ஜன்ட்’ என்று எழுதிய டிக்கெட்டுக்கு ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து முதலில் வருவது கேள்விகள். நீங்கள் பதில் சொல்வதற்குள் அவர்களின் ஷிஃப்ட் முடியும். அடுத்தவர் அதே கேள்விகளை மறுபடி கேட்பார். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்:

“லேப்டாப் மாடலும் சர்வீஸ் டேக்கும் கீழே. நேற்று மாலை 6 மணி வரை ஒலி இருந்தது. இரவு அப்டேட் நிறுவப்பட்டது; அப்டேட் ஹிஸ்டரியில் ‘டிரைவர் அப்டேட்ஸ்’ பகுதியில் ஆடியோ டிரைவர் ஒன்று உள்ளது, ஸ்க்ரீன்ஷாட் இணைத்துள்ளேன். டிவைஸ் மேனேஜரில் கோட் 10 காட்டுகிறது. யூஎஸ்பி ஹெட்செட் வேலை செய்கிறது, உள் ஸ்பீக்கரும் ஜாக்கும் செய்யவில்லை. ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். முந்தைய டிரைவருக்கு ரோல் பேக் செய்ய அட்மின் உரிமை தேவை. நாளை 11 மணிக்கு வாடிக்கையாளர் அழைப்பு உள்ளது.”

இதில் எப்போது வரை வேலை செய்தது, என்ன மாறியது, எங்கே நிற்கிறது, எது வேலை செய்கிறது, என்ன செய்து பார்த்தீர்கள், எப்போது வேண்டும் என்ற ஆறும் இருக்கின்றன. ‘அர்ஜன்ட்’ என்ற சொல் தேவையே இல்லை. 11 மணி அழைப்பு அந்த வேலையைச் செய்துவிடும். ‘யூஎஸ்பி ஹெட்செட் வேலை செய்கிறது’ என்ற வரியை மறைக்காதீர்கள். வேலை செய்கிறது என்று சொன்னால் தாமதிப்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆனால் விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் நலமாக இருக்கிறது, கோளாறு உள் சிப்பின் டிரைவரில் என்று ஒரே பார்வையில் காட்டுவது அந்த வரிதான்.

ஹெல்ப்டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலி போனதாக ஒரு டிக்கெட் வந்தால் அது ஒரு லேப்டாப்பின் கோளாறு. அதே மாடலில் காலையிலேயே மூன்று வந்துவிட்டால் அது அப்டேட்டின் கோளாறு. மூன்றையும் தனித்தனியாக ரோல் பேக் செய்து மூடிவிட்டுப் போகாமல், அப்டேட்டை நிர்வகிக்கும் குழுவுக்கு மாடல், டிரைவர் பெயர், பதிப்பு எண் மூன்றையும் எழுதி உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இன்ட்யூன் போன்ற கருவிகளில் ஒரு குறிப்பிட்ட டிரைவரை மட்டும் நிறுத்தி வைக்க வசதி இருக்கிறது. நாளை வரவிருந்த டிக்கெட்டுகளை இன்றே தடுத்தவரை மேலாளர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். டிக்கெட் மூடுவதிலிருந்து கோளாறின் வேரைப் பிடிக்கும் வேலைக்கு ஏறும் படி அதுதான்.

உண்மையிலேயே ஸ்பீக்கர் போயிருந்தால்

அதைக் கண்டுபிடிக்க விண்டோஸுக்கு வெளியே போய்ச் சோதிக்க வேண்டும். லேப்டாப்பை இயக்கும்போது டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்2, லெனோவாவின் பல மாடல்களில் எஃப்10 அழுத்தினால் நிறுவனத்தின் பரிசோதனை நிரலுக்குப் போகலாம். ஒலிச் சோதனை இருந்தால் ஓடவிடுங்கள். இங்கே சத்தம் கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, விண்டோஸுக்கே திரும்புங்கள். இங்கேயும் கேட்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். வாரண்டி முடியவில்லை என்றால் வெளியே எங்கும் திறக்க விடாதீர்கள். முடிந்துவிட்டது, சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கொடுக்கிறீர்கள் என்றால், ‘அப்டேட்டுக்குப் பிறகு போனது, விண்டோஸுக்கு வெளியே செய்த சோதனையிலும் ஒலி இல்லை’ என்று இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். விவரத்தோடு வருகிறவரிடம் கடைக்காரரும் விவரமாகவே பேசுவார்.

மறுபடி நடக்காமலிருக்க

ரோல் பேக் செய்த டிரைவரையே விண்டோஸ் அப்டேட் மறுபடி கொண்டுவந்து வைக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் உடனே ‘பாஸ் அப்டேட்ஸ்’ கொடுத்துச் சில வாரம் தள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம் வரை தள்ளலாம். அதற்குள் பெரும்பாலும் திருத்திய பதிப்பு வந்துவிடும். நிரந்தரமாக நிறுத்தி வைக்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளும் சேர்ந்தே நின்றுவிடும், அது ஒலி போவதைவிடப் பெரிய ஆபத்து. ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியில் வரும் டிரைவர்களை மட்டும், தேவை இல்லாமல் டிக் செய்யாதீர்கள். பெயரிலேயே இருக்கிறது, கட்டாயமில்லை.

நேர்காணல், வாடிக்கையாளர் சந்திப்பு, ஆன்லைன் தேர்வு எதுவாக இருந்தாலும் அதற்கு முந்தைய இரண்டு நாள் அப்டேட் வேண்டாம். தேதி தெரிந்த அன்றே ‘பாஸ்’ அழுத்தி, முடிந்த அன்று மாலை எடுத்துவிடுங்கள்.

உங்கள் சொந்த லேப்டாப்பில் இப்போது ஒலி நன்றாக வருகிறதா? அப்படியானால் இன்றே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன்’ அணைந்திருந்தால் இயக்கி, ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உண்டாக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒலி டிரைவரின் பெயர், பதிப்பு எண், தேதி தெரியும் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலுக்கான ஒலி டிரைவரை நிறுவனத் தளத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.